சரீம் அக்காவின் டிராகன் வருஷம்

எங்கள் சந்தையில் சரீம் அக்கா மாதிரி நும் பன்சோக் போடுகிறவர் இன்னொருவர் கிடையாது. வெந்த அரிசி நூடுல்ஸை விரலில் சுற்றிக் கிண்ணத்தில் வைப்பார். மேலே பச்சை நிறத்தில் மீன் குழம்பு, அதற்கு மேலே நறுக்கிய வாழைப்பூ, அல்லித்தண்டு. ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி என்று வைத்துக்கொண்டே போவார். சாப்பிட வந்தவர் கையை நீட்டித் தடுத்தால்தான் நிறுத்துவார். "போதுமா?" என்று மட்டும் கேட்க மாட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவருக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ப்ரஹோக் விற்கிறேன். புளித்த மீனின் நாற்றத்தில் என் மூக்கு செத்துப் போனதே தவிர, காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

புதிதாக வருகிறவர்கள் திணறுவார்கள். "இந்த அக்கா கடையில வாயத் தொறக்காம உக்காந்தா வயிறு வெடிச்சிரும்" என்று மாட்டு வியாபாரி ஒருவர் சொன்னதற்கு, "வெடிச்சா நியாரி ப்ரஹோக்ல போட்டு ஊறவச்சிருவா, கவலப்படாதீங்க" என்றார் அக்கா. நியாரி நான்தான். அவருக்கு வாய் அப்படி. ஆனால் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

காரணத்தை எனக்குச் சொல்ல வைத்தது கோர்ட்டு. எங்கள் இளவயதில் மூன்று வருஷம் எட்டு மாதம் இருபது நாள் ஜனங்களைக் கட்டாய வேலைக்கு ஓட்டி இந்த நாட்டைச் சுடுகாடாக்கி வைத்தவர்களில் மிச்சம் இருந்தவர்களை விசாரிக்க, நம் நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து உட்காரும் ஒரு கோர்ட்டு வந்திருந்தது. அன்றைக்கு நாட்டின் தலைவராக இருந்த ஆளும் கூண்டில். அவன் பெயரை நான் சொல்ல மாட்டேன். நான் உட்கார்ந்திருப்பது மீன் அழுகும் இடம்தான் என்றாலும் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. அவனுடைய வாதம் எளிமையானது: நான் பெயருக்குத்தான் தலைவன், ஜனங்கள் பட்டினி கிடந்தது எனக்குத் தெரியாது, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கோர்ட்டிலிருந்து விசெத் என்று ஒரு பையன், கண்ணாடி போட்டவன், மடிக்கணினியோடு எங்கள் சந்தைக்கு வந்தான். ப்ரெக் அம்பில் அணையில் மண் சுமந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். நான் வேறு யாரையோ கை காட்டப் போனேன். வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்த சரீம் அக்கா தலையை நிமிர்த்தாமலே, "நான் இருந்தேன்" என்றார்.

"யாரும் சொல்லலன்னு அந்த ஆள் சொல்றாராமே. பொய். என் வீட்டுக்காரர் சொன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அத்தனை வருஷப் பழக்கத்தில், அக்காவின் வீட்டுக்காரர் வோன் அண்ணன் பனையேறி என்றும், அணையில் செத்தார் என்றும் மட்டும்தான் எனக்குத் தெரியும். காய்ச்சலில் செத்தார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். ஒரு நாள் அணையில் எல்லாரையும் குளித்துவிட்டுப் புதுக் கறுப்புச் சட்டை போடச் சொன்னார்கள். தலைவர் வருகிறார், ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கண்காணிப்பாளன் வரிசை வரிசையாகப் பாடம் நடத்தினான். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி வரவேற்றார்கள். சட்டைப் பையில் பேனா குத்தியிருந்த ஒரு வெளுத்த ஆள் காரிலிருந்து இறங்கி, வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டான்: "தோழர், கஞ்சி போதுமா?" ஆறு பேர் "போதும்" என்றார்கள். ஏழாவதாக வோன் அண்ணன். பனையேறிகளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, மரத்து உச்சியிலிருந்து கத்திப் பேசிப் பழகியவர்கள். அவர் "போதாது" என்றார். ஒரே ஒரு வார்த்தை.

அந்த ஆள் ஒரு நொடி அவரைப் பார்த்தானாம். பிறகு கண்காணிப்பாளனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டான். சாயந்திரம் வோன் அண்ணனைப் படிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அழைத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் படிக்கப் போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. அக்காவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

"எந்தத் தேதி, சின்னம்மா?" என்று விசெத் கேட்டான்.

"டிராகன் வருஷம், பல்குன் மாசம், வளர்பிறை எட்டாம் நாள்."

பையன் பையிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்துப் பார்த்தான், தட்டினான். எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினான். நடுவில் வெள்ளைக்காரத் தேதி ஒன்று வந்தது. அக்காவும் அதைக் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. வருஷத்தைப் பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் எண்ணுகிற எங்களுக்குப் பிறந்த வருஷமே பாம்பும் ஆடும்தான், நம்பரை யார் பார்க்கிறார்கள். அக்கா கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். அந்த விரலில் இருந்த மஞ்சள் கறையும் சேர்ந்து காகிதத்தில் பதிந்தது.

அன்று மத்தியானம் நான் கேட்டேன், "ஏன்க்கா இத்தன நாளா என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ அழுவ. உன் கண்ணீர் ப்ரஹோக்ல விழுந்து உப்பு ஏறிரும். எவன் வாங்குவான்?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "அந்தாள் காதுல விழுந்துச்சு நியாரி. தெரியாதுன்னு அவன் சொல்லக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவர் சொன்னது அவன் காதுல விழுந்துச்சுன்னு அந்தக் கோர்ட்டு எழுதணும்" என்றார்.

இதைத்தான் அவர் கேட்டார். நஷ்டஈடு கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை.

அக்கா சாட்சி சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். என் கடையில் எந்நேரமும் ரேடியோ ஓடும், அதில் கோர்ட்டு செய்தி. அந்த ஆளின் வெளிநாட்டு வக்கீல் ஒரு பழைய பத்திரிகைப் படத்தைக் காட்டினாராம். 1977 பிப்ரவரியில் தலைநகரத்தில் நடந்த ஏதோ ஒரு ரகசியக் கூட்டத்தில், ஆட்களைக் கொல்ல முடிவெடுத்த கூட்டத்தில், தன் கட்சிக்காரர் இல்லவே இல்லை. அந்த மாதக் கடைசி முழுக்க அவர் வடக்கே அணை வேலைகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார், படமே சாட்சி என்றாராம். நான் ஒரு மீன் தலையை எடுத்து ரேடியோ மேல் எறிந்தேன். ரேடியோ இன்றும் நாறுகிறது.

சாட்சி நாளன்று எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனோம். அக்காவுக்கு வெள்ளைச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். "என்னக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க" என்றேன். "மாப்பிள கூண்டுல இருக்கானே, வேற எப்படிப் போறது" என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அக்கா வழி முழுக்க அந்த நாளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பார்வையாளர்கள் உட்காரும் இடத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் எல்லாம் நம் பேச்சில் கேட்கும். அந்த வக்கீல் ஆறடி ஆள், தாடிக்காரர். அவர் வாயைத் திறந்தால் எங்கள் காதில் மொழிபெயர்க்கும் ஒரு இளம்பெண்ணின் இனிமையான குரல் வந்தது. அந்தக் குரலில்தான் அவர் எங்கள் அக்காவைக் கொன்றார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வோன் அண்ணன் சொன்னதை அக்கா அப்படியே சொன்னார். அந்த ஆள், எண்பது தாண்டிய கிழம், கண்ணை மூடிக்கொண்டு காதுக் கருவியைச் சரி செய்துகொண்டிருந்தான். பிறகு தாடிக்கார வக்கீல் எழுந்தார்.

"அம்மா, உங்கள் வாக்குமூலத்தில் சம்பவம் 1976 பிப்ரவரி என்று இருக்கிறது. கீழே இருப்பது உங்கள் கைரேகைதானே?"

"என் ரேகைதான்."

"என் கட்சிக்காரர் 1976 பிப்ரவரியில் தலைவர் பதவிக்கே வரவில்லை. அது மட்டுமல்ல, ப்ரெக் அம்பில் அணையில் முதல் கூடை மண் விழுந்ததே அந்த வருஷக் கடைசியில்தான். இல்லாத அணையில், இல்லாத தலைவரிடம் உங்கள் கணவர் எப்படிப் பேசினார்?"

அக்கா குனிந்து தாளில் இருந்த தன் ரேகையைப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானூறு பேரும் முன்னால் சாய்ந்தோம். நீதிபதிகள் குனிந்து எழுதினார்கள். அவர்கள் என்ன எழுதுகிறார்களோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த விசெத்தின் முகம் வெந்த மாவு மாதிரி இருந்தது.

"நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை" என்றது அந்த இனிமையான குரல். "முதுமை, துக்கம், ஞாபகம் குழம்பிவிட்டது. உங்கள் கணவர் 1976 பிப்ரவரியில் வேறு எங்கோ, வேறு காரணத்தால் காணாமல் போயிருக்கிறார். அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறீர்களா?"

முந்தின கேள்வியோடு உட்கார்ந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். எங்கள் அக்காவை அவருக்குத் தெரியாது. கிழவி என்று சொல்லியிருக்கலாம், ஞாபகமறதி என்று சொல்லியிருக்கலாம், அக்கா பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் வீட்டுக்காரர் போன நாளையே மாற்றிச் சொன்னதும் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். அது அவர் தோள் நிமிர்ந்ததிலேயே எனக்குத் தெரிந்தது. சந்தையில் எவனாவது கிண்ணத்தைக் கழுவவில்லை என்று சொன்னால் அந்தத் தோள் அப்படித்தான் நிமிரும்.

"வக்கீல் ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். "நீங்க சொல்ற அந்த எழுபத்தாறு பிப்ரவரில என் வீட்டுக்காரர் போயிட்டார்னு வச்சுக்குவோம். என் பொண்ணு பாம்பு வருஷம் அசாட் மாசம் பொறந்தா. உங்க கணக்குல அது எழுபத்தேழு ஜூன் கடைசி, அவ அடையாள அட்டையில இருக்கு. நடுவுல பதினாறு மாசம். பதினாறு மாசம் வயித்துல சுமக்க நான் என்ன யானையா? இல்ல, என் பொண்ணு வேற யாருக்கோ பொறந்தான்னு சொல்ல வர்றீங்களா? யோசிச்சுப் பேசுங்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானூறு பேரும் சிரித்துவிட்டோம். காவலர் எழுந்து கையைக் காட்டினார், காவலரே சிரித்துக்கொண்டுதான் காட்டினார். நம் தலைமை நீதிபதி வாயில் கையை வைத்தார். வெளிநாட்டு நீதிபதிகளுக்கு மொழிபெயர்ப்பு போய்ச் சேர ஆறேழு நொடி ஆகும், அவர்கள் அதற்கப்புறம் தனியாகச் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, நான் எழுபத்தாறுன்னு எந்த எடத்துலயும் சொல்லல. நம்பர்ல வருஷம் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. டிராகன் வருஷம், பல்குன் மாசம்னுதான் சொன்னேன். டிராகனை எழுபத்தாறுன்னு மாத்தினது யாரு?"

தலைமை நீதிபதி பேனாவை வைத்துவிட்டு மெதுவாகச் சிரித்தார். நம் ஆள் அல்லவா, அவருக்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஆனால் மற்ற நீதிபதிகளுக்காக, "அம்மா, நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்" என்றார்.

"வெள்ளைக்காரங்க வருஷம் ஜனவரில மாறிடும். நம்ம வருஷம் அப்ப மாறாது. ஏப்ரல் நடுவுல தேவதை எறங்கி வந்து பழைய மிருகத்த அனுப்பிட்டுப் புது மிருகத்த உக்கார வச்சாத்தான் மாறும். பல்குன் மாசம்னா வருஷத்தோட வாலு. எழுபத்தாறு ஏப்ரல்ல வந்த டிராகன், எழுபத்தேழு பிப்ரவரிலயும் எந்திரிக்காம உக்காந்துதான் இருந்துச்சு. எங்க ஊரு எரும மேய்க்கிறவனுக்கும் இது தெரியும். படிச்சவங்க தாளப் பாத்து எழுதிட்டாங்க."

விசெத் தலையில் அடித்துக்கொண்டான். பாவம், தலைநகரத்தில் பிறந்தவன். டிராகன் என்றால் 1976 என்று தாளில் போட்டிருந்தது, அவன் மாதத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டான்.

தாடிக்கார வக்கீல் விடவில்லை. "அணையில் நாள்காட்டி இருந்ததா? எந்த மாதம், எந்த நாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாள்காட்டி இல்ல. முள்ளிலவ மரம் எலையே இல்லாம பூத்து நின்னுச்சு, பல்குன்லதான் அது அப்படி நிக்கும். மேல பாதி நிலா இருந்துச்சு, பாதி நிலான்னா எட்டாம் நாள், புத்தருக்குப் புனித நாள்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். பிக்குகள எல்லாம் ஒழிச்சாங்க ஐயா, நிலாவ ஒழிக்க அவங்களால முடியல."

அப்போதுதான் குற்றம் சாட்டும் தரப்பு வக்கீலம்மா எழுந்தார். சின்ன உருவம், அதுவரை ஒன்றும் பேசாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாட்சி சொன்ன நாளைக் கணக்குப் போட்டால் 1977 பிப்ரவரி 26 வருகிறது என்றார். அந்த மாதக் கடைசியில் தலைவர் எங்கே இருந்தார் என்பதை நாங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, போன வாரம் எதிர்த்தரப்பு நண்பரே ஒரு படம் தாக்கல் செய்திருக்கிறார் என்றார். படம் திரையில் வந்தது. சட்டைப் பையில் பேனா, காலடியில் மண் கூடைகள், பின்னால் பூத்து நிற்கும் ஒரு மொட்டை மரம்.

முதல் தடவையாக அந்தக் கிழம் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தது. தாடிக்கார வக்கீல் கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். அந்த இளம்பெண் குரல் "கேள்வி இல்லை" என்றதை நான் வாழ்க்கை முழுக்க மறக்க மாட்டேன். கைதட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் நானூறு பேரும் தொடையைத் தட்டினோம்.

வெளியே வந்ததும் விசெத் அக்காவின் முன்னால் கையை நெற்றி வரை உயர்த்திக் கும்பிட்டபடி நின்றான். "சின்னம்மா, என்னை மன்னிக்கணும். என் தப்பால உங்களப் பொய்க்காரியாக்கப் பாத்தாங்க."

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா நான் பயந்துகிட்டே ரெண்டு வார்த்த சொல்லிட்டு எறங்கியிருப்பேன்" என்றார் அக்கா. "ஆமா, நீ எந்த வருஷம் பொறந்த?"

"புலி வருஷம்னு நினைக்கிறேன்."

"மாசம் பாத்துச் சொல்லு. மாடா இருக்கப் போற."

தீர்ப்பு வர இன்னும் நெடுநாள் ஆனது. இவ்வளவு காலம் இழுத்தால் அந்த ஆள் நிம்மதியாகக் கட்டிலில் செத்துப்போவானே என்று எனக்குப் பயம். போகிற வழியில் ஒவ்வொரு கோயிலிலும் நின்று, அவனுக்கு நல்ல ஆயுசு கொடு என்று வேண்டிக்கொண்டேன். எதிரிக்கு ஆயுசு கேட்டு ஊதுபத்தி கொளுத்தியவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேண்டுதல் பலித்தது. தீர்ப்பு நாளில் அவன் உயிரோடுதான் இருந்தான்.

அன்றைக்குப் போன பஸ்கள் எத்தனை என்று தெரியவில்லை. அக்காவின் மகளும் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த ஆளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். தலைமை நீதிபதி படித்துக்கொண்டே போனார், பக்கம் பக்கமாக, ஊர் ஊராக. எங்கள் அணையின் பெயர் வந்தபோது அக்கா என் முழங்கையைப் பிடித்தார். இன்றும் அந்த இடம் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

"டிராகன் வருஷம் பல்குன் மாதம் வளர்பிறை எட்டாம் நாள், அதாவது 1977 பிப்ரவரி 26 அன்று, ப்ரெக் அம்பில் அணை வேலைத்தலத்தில், கஞ்சி போதுமா என்று குற்றவாளி கேட்டபோது, வோன் என்ற தொழிலாளி 'போதாது' என்று பதில் சொன்னார். குற்றவாளி அதைக் காதால் கேட்டார் என்று இந்த நீதிமன்றம் முடிவு செய்கிறது. ஆகவே, தமக்குத் தெரியாது என்ற அவரது வாதத்தை ஏற்பதற்கில்லை."

வோன் அண்ணனின் வார்த்தையை அந்த ஆள் இரண்டாவது தடவையாகக் கேட்டான். இந்தத் தடவை நின்றுகொண்டு கேட்டான், தலையைத் திருப்பிச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போக முடியவில்லை. வோன் அண்ணனை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவும் முடியவில்லை. அந்தப் பெயர் காகிதத்தில், இரண்டு மூன்று மொழியில், முத்திரையோடு இருக்கிறது. ஆயுள் தண்டனை என்று நீதிபதி முடித்தபோது எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அக்காவின் மகள், தான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அப்பாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும் அழவில்லை. "நாளைக்குக் கடையத் தொறக்கணும், அரிசி ஊறப்போடல" என்றார்.

மறுநாள் காலையில் கடை திறந்திருந்தது. சந்தையே அங்கேதான். மாட்டு வியாபாரி வந்து அக்காவைக் கும்பிட்டுவிட்டு, "ஒரு நாட்டுத் தலைவனயே உள்ள தள்ளிட்டியே, இனிமே உன் கடையில கொற சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்" என்றார். "நீ சொல்லு, உனக்கும் ஒரு கோர்ட்டு ஏற்பாடு பண்றேன்" என்றார் அக்கா.

கூட்டம் குறைந்த பிறகு நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அக்கா நூடுல்ஸை விரலில் சுற்றி வைத்தார். ஒரு பிடி. இரண்டு பிடி. குழம்பை ஊற்றினார், வாழைப்பூவைத் தூவினார். வழக்கம் போலத் தடுக்கலாம் என்று நான் கையைத் தூக்கினேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"போதுமாடி?" என்றார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. முப்பது வருஷத்தில் ஒரு தடவை கூட அவர் கேட்காத கேள்வி. வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தது, காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் சந்தைக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"போதாதுக்கா."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி வைத்தார்.